காட்டு நிழலில் யானைச்சுவடி

மலர் என்றதும் மல்லிகை, கனகாம்பரம், சாமந்தி என்றுதான் நாம் அடுக்குவோம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தார் ஆவாரம்பூவையும் சேர்ப்பர். ஒரு காலத்தில் இங்கே தோல் பதனிட ஆவாரம்பட்டை பெரிதும் பயன்பட்டது. ஆனால் ஜவ்வாது மலைக் காடுகளில், மர நிழலில் பூக்கும் யானைச்சுவடியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சூரியகாந்தி, சாமந்தி, வெட்டுக்காயத்திற்கு இலையைக் கசக்கி வைக்கிறோமே அந்த மூக்குத்திப் பூண்டு ஆகியவற்றின் குடும்பமே இதற்கும். சொரசொரப்பான இலைகள் தரையோடு தரையாக வட்டமாய் விரிந்திருக்கும். பார்ப்பதற்கு யானை மிதித்த தடம் போலிருப்பதால் இப்பெயர். கொச்சியில் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீடே தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் நூலில் இச்செடி மலையாளப் பெயருடனேயே இடம்பெற்றது. அந்நூற்பணிக்குத் தொடக்கத்தில் துணைநின்றவர் மத்தேயு என்னும் கார்மேல் சபைத் துறவி என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. மூலிகைகளின் குணங்களை எடுத்துரைத்தவர் இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர். 1753இல் லின்னேயஸ் சூட்டிய 'எலிபென்டோபஸ்' என்பதற்கும் யானைப் பாதம் என்றே பொருள்.

இனிப் பூவைப் பார்ப்போம். இலை வட்டத்தின் நடுவிலிருந்து முழ உயரத்திற்கு ஒரு காம்பு எழும்பிக் கிளைக்கும். நுனியில் நாம் ஒரு பூ என்று எண்ணுவது உண்மையில் ஒரு பெருங்கூட்டம். ஊதா நிறச் சிறுமலர்கள் பெரும்பாலும் நான்கு சேர்ந்து ஒரு தலை. அத்தகைய தலைகள் பல நெருங்கி ஒரு கொத்து. கொத்தின் அடியில் தாங்குவதற்கு மூன்று பச்சைச் செதில்கள். ஒவ்வொரு சிறுமலரும் ஒரு பக்கம் பிளந்து, ஐந்து விரல்களை விரித்த உள்ளங்கை போலிருக்கும். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நேரம் போவதே தெரியாது!

மிதிபட்டாலும் இச்செடி எளிதில் சாவதில்லை. துளிர்க்கும் முனை மண்ணை ஒட்டியே இருக்கிறது. மண்ணுக்குள் உள்ள குட்டையான தண்டு பல ஆண்டுகள் வாழும். இதற்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது. ஆவாரையின் கிளையை வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் தழைக்கும். யானைச்சுவடியையோ நாட்டு மருந்துக்காக வேரோடு பிடுங்குகின்றனர். விதை உதிர்ந்த பின் எடுத்தாலாவது அவ்விடத்தில் கன்றுகள் முளைக்கலாம். பூத்துக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிவிட்டால், அடுத்த மழைக்கு அங்கே துளிர்க்க வேரும் இல்லை, முளைக்க விதையும் இல்லை.