உள்ளூராட்சி மன்றமும் சிறுவர் பற்றிய தரவுகளும்
இங்கிலாந்தின் துவிச்சக்கரவண்டிப் பயிற்சித் திட்டத்தை முன்வைத்து ஒரு நோக்கு

அரசுக்கும் குடிமக்களுக்கும் இடையிலான உறவை ஆராய்வோர் பெரும்பாலும் பாராளுமன்றம், நீதிமன்றம், பொலிஸ், இராணுவம் முதலான பெரு நிறுவனங்களையே நோக்குவர். ஆயின் சாதாரண மக்கள் அரசை நாள்தோறும் எதிர்கொள்வது படிவங்களினூடாகவே. பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கும்போதும், நூலகத்தில் அங்கத்துவம் பெறும்போதும், வைத்தியசாலைக்குச் செல்லும்போதும் படிவமொன்று நிரப்பப்படுகின்றது. அப்படிவத்தில் எழுதப்பட்டவை பின்னர் எங்கு செல்கின்றன, எவ்வளவு காலம் அங்கு தங்குகின்றன என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. இக்கட்டுரையில் நாம் அத்தகைய சிறு படிவமொன்றை எடுத்துக்கொள்கிறோம். இங்கிலாந்திலே பாடசாலைச் சிறுவர்க்குத் துவிச்சக்கரவண்டிப் பயிற்சி அளிக்கும் உள்ளூராட்சி மன்றம், அதன்பொருட்டுப் பெற்றோரிடம் பெறும் தரவுகளை எவ்வாறு கையாளவேண்டியுள்ளது என்பதை விளக்குவதும், அதிலிருந்து பெறப்படும் பொதுக் கோட்பாட்டைச் சுட்டுவதுமே எமது நோக்கமாகும்.

1. பயிற்சியும் அதன் சட்ட அடிப்படையும்

இங்கிலாந்தில் சிறுவர்க்குரிய துவிச்சக்கரவண்டித் தேர்ச்சித் தேர்வு 1947 இல் ஆரம்பமாயிற்று. பல தலைமுறையினர் பாடசாலை முற்றங்களிலே இத்தேர்வில் தேறிச் சான்றிதழும் சின்னமும் பெற்றனர். 2007 இல் இதற்குப் பதிலாகப் 'பைக்கபிலிட்டி' என்னும் புதிய திட்டம் அறிமுகப்படுத்தப்பட்டது. இது மூன்று படிகளைக் கொண்டது. முதற்படி வாகனங்கள் வராத முற்றத்தில் நடைபெறுவது. இரண்டாம் படி அமைதியான வீதிகளில் நடைபெறுவது. மூன்றாம் படி நெரிசலான வீதிகளையும் சிக்கலான சந்திகளையும் எதிர்கொள்ளப் பழக்குவது. ஆரம்பப் பாடசாலையின் இறுதி ஆண்டுகளிற் பயிலும், ஏறத்தாழப் பத்து வயதுடைய சிறுவரே முதலிரு படிகளிலும் பெருமளவிற் பங்குபற்றுகின்றனர்.

உள்ளூராட்சி மன்றம் இப்பயிற்சியை நடத்துவது வெறும் நல்லெண்ணத்தின் பாற்பட்டதன்று. 1988 ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 39 ஆம் பிரிவு, வீதிப் பாதுகாப்பை மேம்படுத்தும் வேலைத்திட்டத்தை உள்ளூர் அதிகாரசபைகள் வகுத்து நிறைவேற்ற வேண்டுமென விதிக்கின்றது. வீதியைப் பயன்படுத்துவோர்க்குச் செய்முறைப் பயிற்சி அளித்தலும் அப்பிரிவிற் குறிப்பிடப்பட்டுள்ளது. எனவே இப்பயிற்சி மன்றத்தின் பொதுக் கடமைகளுள் ஒன்றாகும். இவ்வுண்மை தரவுகள் பற்றிய விளக்கத்துக்கும் இன்றியமையாதது என்பதைப் பின்னர் காண்போம்.

2. படிவம் கேட்பவை

பயிற்சிக்கு முன்னர் பெற்றோரிடம் வழங்கப்படும் படிவம் வழக்கமாகப் பின்வருவனவற்றைக் கேட்கும்: பிள்ளையின் பெயர், வகுப்பு, பாடசாலை, பெற்றோரின் பெயர், தொலைபேசி இலக்கம், அவசர வேளையில் தொடர்புகொள்ளத்தக்க வேறொருவர், பிள்ளைக்குள்ள நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், கற்றலில் வேண்டப்படும் விசேட உதவிகள். சில மன்றங்கள் இனம் பற்றியும், பிள்ளை இலவச மதிய உணவு பெறுகின்றதா என்பது பற்றியும் வினவும். வறிய குடும்பங்களையும் சிறுபான்மை இனத்தவரையும் பயிற்சி சென்றடைகின்றதா என்பதை அறிவதே இவ்வினாக்களின் நோக்கமாகும்.

இவை யாவும் ஒரே தன்மையன அல்ல. பெயரும் தொலைபேசி இலக்கமும் சாதாரண தனிப்பட்ட தரவுகள். உடல்நலம், இனம் என்பன பற்றிய தரவுகளையோ சட்டம் 'சிறப்பு வகை' எனப் பிரித்து, அவற்றுக்குக் கூடிய பாதுகாப்பை வேண்டி நிற்கின்றது. பிரித்தானியாவிலே இத்துறையில் முதலாவது சட்டம் 1984 இல் இயற்றப்பட்டது. 1998 இலும் 2018 இலும் புதிய சட்டங்கள் அதன் இடத்தைப் பெற்றன. 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, பிரித்தானியா ஒன்றியத்தை நீங்கிய பின்னரும் அந்நாட்டுச் சட்டமாகப் பேணப்பட்டது. 2025 இற் சில திருத்தங்கள் செய்யப்பட்டபோதும் அதன் அடிப்படைக் கோட்பாடுகள் மாற்றமுறவில்லை.

அக்கோட்பாடுகளுள் மூன்று ஈண்டு மனங்கொளத்தக்கன. ஒரு நோக்கத்துக்காகப் பெறப்பட்ட தரவு அதற்கு ஒவ்வாத பிறிதொரு நோக்கத்துக்குப் பயன்படுத்தப்படலாகாது. நோக்கத்துக்கு வேண்டிய அளவுக்கு மேலாகத் தரவு திரட்டப்படலாகாது. நோக்கம் நிறைவேறிய பின்னர் தரவு வைத்திருக்கப்படலாகாது. பயிற்றுநருக்குப் பிள்ளையின் தொய்வு நோய் பற்றித் தெரிதல் வேண்டும். தந்தையின் தொழில் தெரியவேண்டியதில்லை. இவ்வேறுபாட்டை உணர்வதே இச்சட்டத்தின் உயிர்நாடியை உணர்வதாகும்.

3. இருவகைச் சம்மதங்கள்

படிவத்தின் அடியிற் பெற்றோர் கையொப்பமிடுகின்றனர். தரவுகளைப் பயன்படுத்தவும் தாம் அதனாற் சம்மதம் அளித்துவிட்டதாகப் பலர் எண்ணுவர். ஆயின் அக்கையொப்பம் பிள்ளை பயிற்சியிற் பங்குபற்றுவதற்கான சம்மதமே. தரவுகளைக் கையாள்வதற்கு மன்றம் வேறொரு சட்ட அடிப்படையிற் காலூன்றலாம். மேலே கூறிய பொதுக் கடமையே அவ்வடிப்படையாகும்.

இஃது வெறும் சொல்லாராய்ச்சி எனக் கருதற்க. சம்மதமே அடிப்படையாயின், பெற்றோர் எவ்வேளையிலும் அதனை மீளப்பெறலாம். மீளப்பெற்றதும், வேறு சட்ட அடிப்படை இல்லாதவிடத்து, தரவை அழிக்குமாறு கோரலாம். பொதுக் கடமை அடிப்படையாயின், அழிக்குமாறு கோரும் உரிமை அவ்வாறே கிட்டாது. அதற்குப் பதிலாக ஆட்சேபிக்கும் உரிமை உண்டு. ஆட்சேபத்தை ஏற்காதவிடத்து, தக்க வலுவான காரணத்தை மன்றமே காட்டல் வேண்டும். உடல்நலத் தரவுகளுக்கு இவ்வடிப்படையும் போதாது. வெளிப்படையான சம்மதமோ, சட்டத்தில் விதந்து கூறப்பட்ட முக்கிய பொதுநலன் போன்ற மேலதிக நிபந்தனையோ இருத்தல் வேண்டும். இனம் பற்றிய வினாவைச் சமத்துவத்தைக் கண்காணிக்கும் பொருட்டுக் கேட்கச் சட்டம் இடமளிக்கின்றது; எனினும் தன் தரவை அதற்குப் பயன்படுத்தலாகாதென எழுத்தில் அறிவிப்பவரது விருப்பமும் மதிக்கப்படவேண்டும்.

எந்த அடிப்படையில் தரவு பெறப்படுகின்றது என்பதைத் 'தனியுரிமை அறிவித்தல்' மூலம் முன்கூட்டியே தெரிவித்தல் மன்றத்தின் கடப்பாடாகும். அவ்வறிவித்தல் தெளிவான எளிய மொழியில் அமையவேண்டும் என்றும், சிறுவரை நோக்கியதாயின் இதிற் சிறப்பாகக் கவனஞ் செலுத்தவேண்டும் என்றும் ஒழுங்குவிதி கூறுகின்றது. தரவு பற்றிய உரிமைகள் பெற்றோர்க்குரியன அல்ல, பிள்ளைக்கே உரியன. பிள்ளை தானே விளங்கிக்கொள்ளும் பக்குவம் பெறும்வரை பெற்றோர் அவற்றைப் பிள்ளையின் சார்பிற் பயன்படுத்துகின்றனர். பத்து வயதுப் பிள்ளையொன்றை உரிமையுடைய ஆளாகக் கருதும் இந்நோக்கு, சிறுவரைக் குடும்பத்தின் உடைமையாகக் கருதும் பழைய மனப்பாங்கினின்றும் பெரிதும் வேறுபட்டதாகும்.

4. தரவின் பயணமும் ஆயுளும்

படிவம் பெற்றோரிடமிருந்து பாடசாலைக்கும், பாடசாலையிலிருந்து மன்றத்துக்கும் செல்கின்றது. மன்றம் பயிற்சியைத் தனியார் நிறுவனமொன்றுக்கு ஒப்பந்தத்தில் வழங்கியிருப்பின், அங்கிருந்து அந்நிறுவனத்துக்கும், ஈற்றில் வீதியோரத்தில் நிற்கும் பயிற்றுநரின் கைக்கும் செல்கின்றது. பொதுப்பணிகள் தனியாரிடம் கையளிக்கப்படும் இக்காலத்தில் இச்சங்கிலி நீண்டுகொண்டே போகின்றது. கை மாறுவதாற் பொறுப்பு மாறுவதில்லை என்பதே சட்டத்தின் நிலைப்பாடு. தரவின் நோக்கத்தைத் தீர்மானிப்பது மன்றமாதலின் அதுவே பொறுப்பாளி. ஒப்பந்த நிறுவனம் எழுத்து மூலமான உடன்படிக்கைக்கு அமைய, மன்றத்தின் அறிவுறுத்தலின்படி மாத்திரமே தரவைக் கையாளலாம். தன் வியாபார விளம்பரத்துக்காகப் பெற்றோரின் முகவரிகளைப் பயன்படுத்தலாகாது. பயிற்றுநரின் பையிலிருந்த பெயர்ப்பட்டியல் தொலைந்துபோயினும் அது தரவுப் பாதுகாப்பு மீறலே. பிள்ளைகளுக்குத் தீங்கு நேரக்கூடுமாயின், அறியவந்த 72 மணித்தியாலத்துக்குள் மேற்பார்வை அதிகாரபீடத்துக்கு அறிவித்தல் வேண்டும். எத்தனை சிறுவர் எப்படியிற் பயிற்சி பெற்றனர் என மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவதற்கோ பெயர்கள் வேண்டியதில்லை, எண்ணிக்கைகளே போதும்.

தரவு எவ்வளவு காலம் வைத்திருக்கப்படலாம்? சாதாரண பதிவுகளுக்குச் சட்டம் ஆண்டுக்கணக்கு எதனையும் விதிக்கவில்லை; மன்றமே காலத்தை வரையறுத்து அறிவித்து, அதன்படி அழித்தல் வேண்டும். பயிற்சியின்போது விபத்து நேர்ந்தாலோ நிலைமை வேறு. இங்கிலாந்தின் 1980 ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின்படி, உடற்காயத்துக்கு நட்டஈடு கோரி வழக்கிட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. காயமுற்றவர் சிறுவராயின் அம்மூன்று ஆண்டும் அவருக்குப் பதினெட்டு வயது நிரம்பிய பின்னரே எண்ணப்படத் தொடங்கும். ஆகவே பத்து வயதில் வீழ்ந்து காயமுற்ற பிள்ளை பற்றிய விபத்தறிக்கை, அப்பிள்ளைக்கு இருபத்தொரு வயதாகும்வரை பேணப்படலாம். இங்கு தரவு நீடித்திருப்பது பிள்ளையின் நலனுக்காகவே. அறிக்கை அழிந்துபோயின் நீதி கோரும் வழியும் அடைபட்டுவிடலாம். தரவை அழித்தலே எப்பொழுதும் பாதுகாப்பு எனக் கொள்வது தவறென்பதற்கு இது தக்க சான்றாகும்.

5. நோக்கம் மாறும்போது

இவ்விதிகள் யாவும் காகிதச் சடங்குகள்தாமே எனச் சிலர் வினவலாம். அன்று என்பதற்கு இங்கிலாந்தின் அண்மைக்கால வரலாறே விடை பகர்கின்றது. 2004 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் கீழ், இங்கிலாந்திலுள்ள சிறுவர் அனைவரது விபரங்களையும் ஒருங்கே கொண்ட 'கொன்ராக்ட் பொயின்ற்' என்னும் தரவுத்தளம் உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் சிறுவரின் விபரங்கள் அதில் அடங்கின. சிறுவரைப் பாதுகாத்தல் என்னும் உயரிய நோக்கத்துடனேயே அது தோன்றியது. எனினும் இலட்சக்கணக்கான அலுவலர் அணுகத்தக்க தரவுத்தளம் பாதுகாப்பானதா என்ற கண்டனம் வலுத்தது. 2010 இல் ஆட்சி மாறியதும் அது மூடப்பட்டது.

மற்றைய நிகழ்ச்சி இதனிலும் பாரதூரமானது. 2015 இற் கல்வித் திணைக்களமும் குடிவரவுக் கட்டுப்பாட்டுக்குப் பொறுப்பான உள்துறை அமைச்சும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, குடிவரவுச் சட்டத்தை அமுலாக்கும் பொருட்டு மாதந்தோறும் 1,500 வரையிலான மாணாக்கரின் விபரங்கள் கோரப்படலாம் என வகைசெய்யப்பட்டது. 2016 இல் மாணாக்கரின் நாட்டினமும் பிறந்த நாடும் பாடசாலைக் கணக்கெடுப்பிற் சேர்க்கப்பட்டன. பெற்றோரும் ஆசிரியரும் மனித உரிமை இயக்கத்தினரும் கிளர்ந்தெழுந்தனர். அவ்வினாக்களுக்கு விடையளிக்க வேண்டாமென இயக்கம் நடத்தினர். 2018 இல் அவ்வினாக்கள் கைவிடப்பட்டன. கல்விக்காகப் பெறப்பட்ட தரவு நாடுகடத்தலுக்குத் துணைபோகலாம் என்ற அச்சம் வெறுங் கற்பனையன்று என்பதை இது நிறுவியது.

துவிச்சக்கரவண்டிப் பயிற்சித் தரவுகள் இவ்வாறு பயன்பட்டன என நாம் கூறவரவில்லை. ஆயினும் அச்சத்துக்கு எல்லைகள் இல்லை. தமிழர் உட்படப் பல்வேறு குடிபெயர்ந்த சமூகத்தினர் செறிந்து வாழும் ஹரோ, பிரென்ற், நியூஹாம் போன்ற இலண்டன் பகுதிகளில், வதிவுரிமை இன்னும் உறுதிப்படாத தாயொருத்தி பாடசாலை அனுப்பும் படிவத்துக்கும் மன்றம் அனுப்பும் படிவத்துக்கும் இடையே வேறுபாடு காண்பாள் என எதிர்பார்க்கமுடியாது. அவளுக்கு இரண்டும் அரசின் படிவங்களே. அவள் படிவத்தை நிரப்பாதுவிடின் பிள்ளை பயிற்சியை இழக்கும். நிரப்பி, வலிப்பு நோயை மறைத்துவிடின் விளைவு இன்னும் கொடிதாகலாம். இரண்டாம் படியில் ஒரு பயிற்றுநர் ஆறு சிறுவர் வரை அழைத்துக்கொண்டு வாகனங்கள் ஓடும் வீதிக்குச் செல்கிறார். அவருக்குத் தெரியாத நோய் அவரால் முன்னெச்சரிக்கை எடுக்கமுடியாத நோயாகும். எனவே தரவுப் பாதுகாப்பும் வீதிப் பாதுகாப்பும் வெவ்வேறல்ல. மக்கள் நம்பி உண்மை கூறும் நிலைமை இருந்தாலன்றிப் பின்னது முழுமை பெறாது.

6. எமக்குரிய படிப்பினை

இலங்கையிலே 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்ட அச்சட்டம் ஐரோப்பிய ஒழுங்குவிதியைப் பெரிதும் ஒத்ததாயினும், ஓரிடத்தில் அதனையும் விஞ்சி நிற்கின்றது. இங்கிலாந்தில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் சாதாரண தரவுகளே. எமது சட்டமோ சிறுவர் தொடர்பான தனிப்பட்ட தரவுகளையும் சிறப்பு வகைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. ஏட்டளவில் இது முற்போக்கான ஏற்பாடே. ஆயின் ஏடு தானாகவே இயங்குவதில்லை. பிரதேச சபையின் எழுதுவினைஞரும், பாடசாலை அதிபரும், பெற்றோரும் இதனை அறிந்து செயற்படும்போதே அது உயிர்பெறும். இங்கிலாந்தில் நாட்டினம் பற்றிய வினாக்களை நீக்கச் செய்ததும் சட்டவாசகம் மாத்திரமன்று. மக்களின் கூட்டு நடவடிக்கையே என்பது நினைவிற் கொள்ளற்பாலது.

ஆகவே சிறுவர் பற்றி எந்தவோர் அதிகாரபீடம் படிவம் நீட்டினும் நான்கு வினாக்களை எழுப்பும் வழக்கம் எம்மிடையே வேரூன்றவேண்டும். எதற்காகக் கேட்கின்றீர்கள்? கேட்பவை யாவும் அதற்குத் தேவையா? யார் யாருக்குக் கொடுப்பீர்கள்? எப்போது அழிப்பீர்கள்? இவற்றுக்குத் தெளிவான விடை கூறும் மன்றத்திடம் பெற்றோர் தம் பிள்ளையின் நோயையும் ஒளிக்காது கூறுவர். விடை கூறாத மன்றம் எத்துணை நுட்பமான படிவத்தை அச்சிட்டாலும், அதிற் பொய்களும் வெற்றிடங்களுமே நிரம்பும் என்பது எமது கருத்தாகும்.