செல்போனில் நோய் தேடும் பழக்கம்

மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் சமீப காலமாக ஒன்றைக் கவனிக்கிறோம். டாக்டர் எழுதித் தராத ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ரசீதுகளும் சேர்ந்து வருகின்றன. விசாரித்தால், "செல்போனில் பார்த்தோம், பயமாகிவிட்டது" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பயம் உண்மையானது. அது எப்படி வளர்கிறது என்று தெரிந்தால் மீளலாம்.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் ரயன் ஒயிட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் 2008ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்தார்கள். சாதாரண அறிகுறியைத் தேடத் தொடங்குகிறவர்கள், கடுமையான அரிய நோய்களைத் தேடுவதில் போய் நிற்பதைக் கண்டார்கள். தலைவலிக்குத் தூக்கக் குறைவு, மன இறுக்கம், வழக்கமான காபியை நிறுத்தியது என்று எத்தனையோ எளிய காரணங்கள் உண்டு. மூளைக் கட்டி மிக அரிது. ஆனால் திரையில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். மனம் பயங்கரமானதையே பிடித்துக்கொள்ளும். இப்பழக்கத்துக்கு சைபர்காண்ட்ரியா என்று பெயர்.

ஏன் நிறுத்த முடிவதில்லை? ஆறுதலான ஒரு செய்தியைப் படித்ததும் பயம் சற்றுத் தணிகிறது. அந்தத் தணிவுக்கு மனம் பழகிவிடுகிறது. சிறிது நேரத்தில் "நமக்கு மட்டும் வேறாக இருந்தால்?" என்ற சந்தேகம் திரும்ப, கை மறுபடி போனுக்குப் போகிறது. ஒளு செய்த பிறகும் ஐயுற்று, மீண்டும் மீண்டும் கழுவ வைக்கும் வஸ்வாஸை நாம் அறிவோம். கழுவக் கழுவ அது தீராது, கூடும். இதுவும் அப்படியே. போதாக்குறைக்கு, பயத்தாலேயே படபடப்பும் தலைச்சுற்றலும் வரும். அவற்றையும் தேடத் தொடங்குவோம்.

தேடத் தோன்றினால் அரை மணி நேரம் தள்ளிப் போடுங்கள். பயம் மெல்ல இறங்கும். அறிகுறி எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தாளில் எழுதி, ஒரே டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டார் "ஒன்றுமில்லை" என்று நூறு முறை சொல்வதைவிட, ஒருமுறை கூடவே டாக்டரிடம் போய் வருவது நல்லது. தூக்கமும் வேலையும் கெடும் அளவுக்குப் போனால், மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். ஆலோசனையாலும் சிகிச்சையாலும் குணமாகக் கூடியதுதான் இது.

ஆனால் திடீரென வந்த கடும் தலைவலி, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், நெஞ்சுவலி என்றால் காத்திருக்க வேண்டாம், தேடவும் வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள்.

பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன் டாக்டர் சீட்டுடன் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து யோசிப்போம்.