தாஸ்மேனியாவின் தெற்குக் கரைப் பாதை

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தாஸ்மேனியாத் தீவில், மெலலூக்காவிலிருந்து காக்கிள் க்ரீக் வரை வனமும் மலைமுகடும் கடற்கரையுமாக நீளும் 85 கிலோமீட்டர் பாதையில் நடக்கத் திட்டமிடுகிறவர், மெலலூக்காவுக்குச் சாலையே இல்லாமையால், சிறு விமானத்தையும் அதைத் தடுக்கும் மேகமூட்டத்தையும் முதலில் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஒரு வார ஆகாரத்தை முதுகில் சுமந்து, 900 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அயர்ன்பவுண்ட் மலைத்தொடரைக் கடப்பதே சிரமமான பாகம். காற்று சீறினால் அடிவாரத்திலேயே தங்க ஓர் உபரி நாள் அவசியம்.

பாதையில் குறுக்கிடும் நியூ ரிவர் உப்பங்கழியில் படகோட்டி கிடையாது; நடப்பவரே துடுப்புப் போட்டுக் கடக்க வேண்டும். பின்னால் வருவோருக்காகக் கரைக்கொரு படகு இருந்தாக வேண்டுமாகையால், அக்கரை சேர்ந்தவர் அங்குள்ள படகையும் கட்டியிழுத்துக்கொண்டு திரும்பி, ஒன்றை விட்டுவிட்டு, மற்றொன்றில் மூன்றாம் முறையாகத் துடுப்புப் போட வேண்டும். யாரும் கண்காணிக்காத இடத்தில் இந்தத் தர்மம் நிலைத்திருப்பது ஆச்சரியமே!

அடுப்பு எரிபொருளை விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.