நூற்றுக்கு ஒன்று: சுவர்த்தட்டில் ஒரு மட்டக்களப்புக் கோச்சி

மாகோச் சந்தியில் பிரிந்து கிழக்கே வரும் புகையிரதப் பாதை 212 கி.மீ. ஓடி மட்டக்களப்பில் முடிகிறது. 1928இல் திறந்த இந்தப் பாதை நகரின் நடுவிலுள்ள புளியந்தீவுக்குள் வரவில்லை. பாலத்துக்கு அப்பால், வடகரையிலேயே நின்றுவிட்டது. தீவுக்குள் கோச்சி ஓட வேண்டுமென்றால் வீட்டுச் சுவரில் தட்டு அடித்து மாதிரிக் கோச்சியாகத்தான் ஓட்ட வேண்டும். அதற்கு என்ன செலவு, எவ்வளவு பொருள் என்பதே இங்கே எழுதும் கணக்கு. விலைகள் திட்டம் போடுவதற்காக முழு எண்ணாக்கிய தொகைகள். அளவுகள் அப்படியல்ல, அடிமட்டம் வைத்துச் சரிபார்க்கக்கூடியவை.

முதலில் தீர்மானிக்க வேண்டியது பலகையும் அல்ல, எஞ்சினும் அல்ல. எத்தனையில் ஒரு பங்காகச் சுருக்குவது என்பதுதான். மற்ற எல்லாச் செலவும் இதைத்தான் பிடித்துக்கொண்டு வருகிறது.

உலகச் சந்தையில் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் உள் அகலம் 16.5 மி.மீ. அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் அதை 87இல் ஒரு பங்கு வண்டிகளுக்கும், பிரித்தானியர் 76இல் ஒரு பங்கு வண்டிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். நமது அகலப் பாதை 5 அடி 6 அங்குலம், அதாவது 1,676 மி.மீ. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் நாடுகளின் அகலப் பாதையும் இதே அளவுதான். 76.2ஆல் வகுத்தால் 22 மி.மீ. வரும், கடைத் தண்டவாளம் 5.5 மி.மீ. குறுகிப்போகும். 87.1ஆல் வகுத்தால் 19.2 மி.மீ.; அதுவும் பொருந்தாது. 100ஆல் வகுத்தால் 16.76 மி.மீ. கிடைக்கிறது. கால் மி.மீ. வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. துல்லியம் வேண்டுமென்பவர் ஓர் அடிக்கு 3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தரை அடியை மூன்றால் பெருக்கினால் சரியாக 16.5 மி.மீ.! வேறு நாட்டுக்காரருக்காக வார்த்த தண்டவாளம் நமது பாதைக்குச் சரியளவாக வந்து உட்காருகிறது.

நான் 100ஐயே தேர்ந்தெடுப்பேன். கட்டடப் படம் வரைபவர்களின் அளவுகோலில் அது ஏற்கெனவே இருக்கிறது. ஒரு மீட்டர் என்றால் ஒரு சென்ரிமீட்டர். பெருக்கல் வாய்ப்பாடே தேவையில்லை. 2.1 மீட்டர் கதவு 21 மி.மீ. 20 மீட்டர் தென்னை 20 செ.மீ. 5 அடி 6 அங்குல உயரமுள்ள ஆளின் பொம்மையும் தண்டவாளத்தின் அகலமும் ஒரே அளவு. இடத்தில் வரும் இலாபமும் சிறியதல்ல. எஞ்சின் 14 மீட்டர், பெட்டி ஒவ்வொன்றும் 18 மீட்டர் என்று வைத்தால், எட்டுப் பெட்டியோடு ஓர் உதயதேவி (கொழும்பு–மட்டக்களப்புப் பயணிகள் வண்டி), கொளுக்கி இடைவெளிகளையும் சேர்த்து, 1 மீட்டர் 61 செ.மீ.க்குள் அடங்கும். பிரித்தானிய அளவில் அதே வண்டி 2 மீட்டர் 10 செ.மீ.ஐத் தாண்டும்.

ஒரு குறை உண்டு. இந்த அளவில் நமக்கேற்ற வண்டி எதுவும் கடையில் தயாராகக் கிடைக்காது. மேற்கட்டு முழுவதையும் மட்டையில் வெட்டி நாமே ஒட்ட வேண்டும். அந்தக் குறையே பணத்தை மிச்சப்படுத்துகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

பலகை. 8 அடிக்கு 4 அடி பிளைவூட் ஒன்று, 12 மி.மீ. தடிப்பு. நீளவாக்கில் நான்காகப் பிளந்தால் 244 செ.மீ. நீளமும் 30.5 செ.மீ. அகலமுமாக நான்கு துண்டு. ஒன்று தளம், ஒன்று பின்னணி வானம், இரண்டு மிச்சம். தளத்துண்டின் நிறை ஏறத்தாழ ஐந்தரைக் கிலோ. அடியில் இரண்டுக்கு ஓர் அங்குல ரீப்பைச் சட்டம்: நீளத்துக்கு இரண்டு, குறுக்கே ஆறு, மொத்தம் ஆறரை மீட்டர், இன்னும் ஐந்து கிலோ. தண்டவாளம், மண், வீடுகள் எல்லாம் சேர்ந்தாலும் 13 கிலோவுக்குள் நிற்கும். ஐந்து இரும்புத் தாங்கிகளை 60 செ.மீ.க்கு ஒன்றாக அடித்தால் போதும். சுமை கோச்சியால் வருவதில்லை. பார்க்க வருபவர்கள் முழங்கையை ஊன்றுவதால் வருகிறது. தட்டுக்கு மேலே 40 செ.மீ. வெறுமையாக விட வேண்டும். தென்னைக்கு 20, கை நுழைய மிச்சம்.

244 செ.மீ. என்றால் நமது கணக்கில் 244 மீட்டர். 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலம் 288 மீட்டர். தட்டில் வைத்தால் 44 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அது கோச்சிப் பாலமும் அல்ல, ஆகவே அந்த ஆசையை விட்டுவிடலாம்.

இனித் தண்டவாளம். நான் போட்டிருக்கும் திட்டத்தில் ஒரு நேர்ப்பாதை 236 செ.மீ. இடமிருந்து 104 செ.மீ. வந்ததும் ஒரு பொயின்ற் (பாதை இரண்டாகப் பிரியும் துண்டு), அதற்குப் பிறகு மேடையோடு 110 செ.மீ. பிரிந்து போகும் பாதையில் 10 செ.மீ. தள்ளி இரண்டாவது பொயின்ற், அதிலிருந்து 70 செ.மீ. நீளத்தில் இரண்டு சைடிங். பீக்கோ நிறுவனத்தின் நடுத்தரப் பொயின்ற் 21.9 செ.மீ. நீளம். இரண்டு பொயின்ற்றும் போக, வளையும் தண்டவாளம் தேவைப்படுவது 364 செ.மீ. அது விற்கப்படுவது ஒரு யார் நீளத்தில், அதாவது 91.4 செ.மீ. நான்கு நீளம் 365.6 செ.மீ. போதும்போல் தெரிகிறது. வெட்டிப் பாருங்கள்: 104க்கு ஒரு முழு நீளமும் 12.6உம், 110க்கு ஒரு முழு நீளமும் 18.6உம், சைடிங்குக்கு 70 இரண்டு. அந்த இரண்டிலும் மிஞ்சுவது 21.4 வீதம், அவற்றிலிருந்து 12.6உம் 18.6உம் எடுத்த பிறகு கையில் நிற்கும் பெரிய துண்டு 8.8 செ.மீ. நமக்கு வேண்டியது 10. இந்த 1.2 செ.மீ.க்காக ஐந்தாவது நீளம் வாங்க வேண்டியிருக்கிறது. இடைவெளியை 8.8 ஆக்கிவிட்டால் நான்கிலேயே முடியும் என்று கஞ்சக் கணக்கு சொல்லும். நான் ஐந்தே வாங்கச் சொல்வேன். ஒட்டுத்துண்டு கூடும் இடத்தில்தான் வண்டி தடம் புரளும். இணைப்புகள் எட்டு, இணைப்புத் தகடுகள் பதினாறு. ஒரு பைக்கற்றில் 24 வரும்.

உலோகத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. நாலு பக்கமும் வாவி, கொஞ்சம் தள்ளிக் கடல். இரும்புத் தண்டவாளம் மலிவுதான், ஆனால் உப்புக்காற்றில் துருப்பிடித்து மின்சாரத்தை மறித்துவிடும். நிக்கல் சில்வர் என்கிற கலவையே வேண்டும். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பவை செம்பு, நிக்கல், நாகம். வெயிலில் அது நீளவும் செய்யும். 10 பாகை சூடு ஏறினால் 244 செ.மீ. தண்டவாளம் ஏறக்குறைய 0.4 மி.மீ. நீளும். நேர்ப்பாதையில் இரண்டு மூன்று இணைப்புகளில் மயிரிழை இடைவெளி விட்டால் நெளியாது. மாரியில் ஈரம் குடிக்கும் பிளைவூட்டுக்கு ஆறு பக்கமும், வெட்டிய ஓரம் உட்பட, வார்னிஷ் வேண்டும். 

சல்லி இலவசம். அசல் பாதையில் 50 மி.மீ. அளவான கருங்கல் போட்டிருந்தால் நமக்கு அரை மி.மீ. மணி, அரித்து எடுத்த மணல்தான் அது. நாலு மீட்டர் பாதைக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை கொள்ளும் அளவே போதும். ஆனால் கடற்கரை மணலை அப்படியே அள்ளி வரக் கூடாது. உப்பு ஒரு காரணம். இன்னொன்று, கிழக்குக் கரை மணலில் கரும்பொடி கலந்திருக்கும். புல்மோட்டையில் அரச நிறுவனம் தோண்டி ஏற்றுமதி செய்யும் இல்மனைற்றும் அந்தக் கரும்பொடி வகையே. அதோடு சேர்ந்து வரும் இரும்புத்தாதுப் பொடி எஞ்சினின் காந்தத்தில் ஏறினால் மோட்டார் அரைபட்டுப் போகும். ஆற்றுமணலையே கழுவிக் காயவைத்து, கடதாசியில் பரப்பி, அடியில் பழைய ஸ்பீக்கர்க் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஒரு மணியாவது கூடவே நகர்ந்தால் அதை வேறாக்கிவிட்டே போட வேண்டும்.

மரங்களுக்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். தென்னந்தண்டின் தடிப்பு 30 செ.மீ. என்றால் நமக்கு 3 மி.மீ. தடித்த ஈர்க்கின் அடிப்பகுதி அதே அளவு. மேலே போகப் போக மெலிவதும் மரம்போலவே. தென்னை செய்வதற்குத் தென்னையைவிடச் சிறந்த பொருள் இல்லை! ஓலை ஒன்று 5 செ.மீ. கடதாசி. ஒரு மரத்துக்கு 30 ஓலை வீதம் பன்னிரண்டு மரத்துக்கு 360 ஓலை. ஓலைக்கு ஒரு நிமிடம் வைத்தால் ஆறு மணித்தியாலம் கத்தரிக்கோலோடு உட்கார வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் பகிரலாம்.

பெட்டிகளுக்கு மட்டை. 18 செ.மீ. நீளப் பெட்டி ஒன்றுக்குப் பக்கங்களை இரட்டை மடிப்பாக வைத்தால் கூரை, தளம், முன்பின் சேர்த்து 310 சதுர செ.மீ. போகும். ஏ4 மட்டை 624 சதுர செ.மீ. நான்கு பெட்டிக்கு இரண்டு மட்டை போதும் என்று எண் சொல்கிறது, வெட்டுச் சேதாரம் மூன்று கேட்கிறது. நாமே செய்ய முடியாதது சக்கரம். நான்கு பெட்டிக்கு 16 அச்சு, எட்டு டாங்கர் வண்டிக்கு 16 அச்சு. அவற்றை வாங்கித்தான் ஆக வேண்டும். எஞ்சினுக்கும் அப்படித்தான். வெளிநாட்டு மலிவு எஞ்சின் ஒன்றின் மேற்கட்டைக் கழற்றிவிட்டு, அடிச்சட்டத்தின் மேல் நமது மட்டை எஞ்சினை உட்கார வைப்பது. 1954இல் கொழும்புத் திட்டத்தில் கனடா தந்த எம்2 வகையில் முதலாவது, 569ஆம் இலக்க ‘ஒன்ராறியோ’வை நான் தேர்ந்தெடுப்பேன். சக்கரம் அளவுக்குக் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். தெரியட்டும்.

பணக்கணக்கை இரண்டு பக்கமாக எழுதினால்தான் நிலைமை விளங்கும்.

டொலர்ப் பக்கம்: தண்டவாளம் ஐந்து நீளம் 40, பொயின்ற் இரண்டு 50, இணைப்புத் தகடு 5, எஞ்சின் அடிச்சட்டம் 60, 32 அச்சு 32. மொத்தம் 187. தபால், சுங்கம், இதர தலையிடிகளுக்குக் கால்வாசி கூட்டினால் 234 டொலர். டொலர் 300 ரூபா என்றால் 70,000 ரூபாவை ஒட்டி.

ரூபாப் பக்கம்: பிளைவூட் 10,000, ரீப்பை 2,000, தாங்கிகள் 2,500, ஆணியும் திருகும் 500, 12 வோல்ற் அடப்டரும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகையும் 3,500, பத்து மீட்டர் வயர் 800, பசை 1,200, நிறப்பூச்சு 2,500, மட்டை 600, வார்னிஷ் 1,500. மொத்தம் 25,100.

இரண்டும் சேர்ந்து 95,000 சொச்சம். அதில் முக்காலுக்குச் சற்றுக் குறைவாக டொலர்ப் பக்கமே தின்கிறது. 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதம் 360ஐ ஒட்டிப் போனது. அதே 234 டொலர் முன்னதில் 47,000 ரூபா, பின்னதில் 84,000. பலகையும் மட்டையும் ஈர்க்கும் விலை ஏறினாலும் தாங்கலாம். ஆகவே டொலர்ப் பக்கத்தில் ஒரு வரியைக் குறைப்பது ரூபாப் பக்கத்தில் பல வரிகளைக் குறைப்பதற்குச் சமம்.

இப்போது 100இல் ஒன்று தரும் மிச்சத்தைப் பார்க்கலாம். தயாராகக் கிடைக்கும் பிரித்தானிய வண்டிகளோடு இதே தட்டைச் செய்தால் எஞ்சின் 200 டொலர், நான்கு பெட்டி 240, எட்டுச் சரக்கு வண்டி 240. தண்டவாளத்தோடு 775, கால்வாசி கூட்டினால் 969 டொலர், 2,90,000 ரூபாவுக்கு மேல். அவ்வளவு கொடுத்தும் தட்டில் ஓடுவது இங்கிலாந்து. அதுவும் குறுகிப்போன தண்டவாளத்தின் மேல்!

எட்டு டாங்கர் எதற்கு என்று கேட்கலாம். கொலன்னாவையிலிருந்து மட்டக்களப்புக்கு எரிபொருள் ஏற்றி வரும் வண்டியைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். இரண்டாவது காரணம் விளையாட்டு. பிரித்தானியரான அலன் ரைற் வகுத்த ‘இங்கிள்நுக்’ என்ற புதிருக்கு வேண்டியது இரண்டு பொயின்ற், மூன்று சைடிங், எட்டு வண்டி மட்டுமே. நீளமான சைடிங்கில் ஐந்து வண்டி, மற்ற இரண்டிலும் மும்மூன்று, எஞ்சின் நிற்கும் பக்கத்தில் எஞ்சினோடு மூன்று வண்டி. அதற்கு மேல் இடம் கிடையாது. சீட்டுக் குலுக்கி எடுத்த ஐந்து வண்டிகளை எடுத்த வரிசையிலேயே கோத்து நிறுத்த வேண்டும். எட்டு, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு இவற்றைப் பெருக்கினால் 6,720 விதமான வரிசை. நாளுக்கு ஒன்று ஆடினால் 18 வருடம் தாண்டும். நமது டாங்கர் ஒன்றுக்குக் கொளுக்கியோடு 9 செ.மீ. எஞ்சினோடு மூன்றுக்கு 41. கொஞ்சம் தளர்வு விட்டு 43 என்று வைத்து, 104 செ.மீ. பாதையில் அந்த இடத்தில் ஓர் ஊசியைக் குத்தி எல்லை போட்டுவிடலாம். பயணிகள் வண்டி ஓடும் நாளில் ஊசியைப் பிடுங்கினால் நான்கு பெட்டி உதயதேவி 88 செ.மீ.யில் வந்து நிற்கும்.

ஓட்டுவதற்கு ஆகும் மின்சாரம் எழுதவே வெட்கமாக இருக்கிறது. 12 வோல்ற்றில் அரை அம்பியர், ஆறு வோற். நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓட்டினாலும் மாதத்துக்கு 0.18 யூனிற், அடப்டரின் சேதாரத்தோடு கால் யூனிற்.

95,000 ரூபாவை ஒரே மூச்சில் போட முடியாதவருக்கு இலங்கைப் புகையிரதத் திணைக்களமே வழி காட்டியிருக்கிறது. இரண்டு பஸ் உடல்களை முதுகோடு முதுகு ஒட்டி, இரும்புச் சக்கரத்தில் ஏற்றிய ரெயில் பஸ். பஸ் ஒன்று பத்தரை மீட்டர் என்றால் இரண்டும் சேர்ந்து 21 செ.மீ. ஒரு பஸ்ஸில் மோட்டார் அடிச்சட்டம், மற்றதில் வெறும் இரண்டு அச்சு. அசல் பஸ்ஸின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஏறக்குறைய ஐந்து மீட்டர், வாங்கும் அடிச்சட்டத்தில் அது குறைவாக இருக்கும். பஸ்ஸின் கீழ்ப்பாவாடையை ஒரு மி.மீ. இறக்கி வெட்டினால் மறைந்துவிடும். பொயின்ற் வேண்டாம், சைடிங் வேண்டாம். அடிச்சட்டம் 60, தண்டவாளம் மூன்று நீளம் 24, தகடு 5, அச்சு 2. மொத்தம் 91 டொலர், கால்வாசி கூட்டி 34,000 ரூபா. ரூபாப் பக்கத்தை அப்படியே சேர்த்தால் 59,000. பொயின்ற் இரண்டும் மிச்சத் தண்டவாளமும் அடுத்த வருடத்துக்கு: இன்றைய கணக்கில் இன்னொரு 25,000.