ஒன்பது பேர் போடும் வாக்கு

2022 நவம்பர் 19 பொதுத்தேர்தலில் கோல சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியை டாக்டர் சுல்கிப்ளி அஹ்மாட் 1,002 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இங்குள்ள தோட்டங்களை விட்டு வெளியேறி ஷா ஆலாமிலும் கிள்ளானிலும் குடியேறிய பிள்ளைகள் அன்று ஊருக்கு வந்து வாக்களித்ததற்கு அர்த்தம் இருந்தது. ஆனால் 222 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் எந்தக் கூட்டணிக்கும் 112 கிடைக்கவில்லை. நவம்பர் 24ஆம் தேதி அன்வார் இப்ராஹிம் பிரதமரானது மாமன்னர் எடுத்த முடிவால். பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கை யாருக்கு உண்டு என்று கணிக்கும் பொறுப்பை அரசியலமைப்பின் 43வது பிரிவு அவரிடம்தான் ஒப்படைத்திருக்கிறது.

அந்த மாமன்னரைத் தேர்ந்தெடுத்தது யார்?

சென்ற வாரங்களில் அண்டை நாட்டு அதிபர் தேர்தல்களைப் பார்த்தோம். இந்தியக் குடியரசுத் தலைவர் வேட்பாளருக்கு 50 பேர் முன்மொழிய வேண்டும், 50 பேர் வழிமொழிய வேண்டும். எல்லோரும் வாக்குரிமை உள்ள மக்கள் பிரதிநிதிகள். சிங்கப்பூரில் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் வேட்புமனு செல்லாது, அதனால்தான் எஸ்.ஆர். நாதன் 1999இலும் 2005இலும் போட்டியின்றி அதிபரானார். இரண்டு இடத்திலும் வேட்புமனு நாளிலேயே பாதித் தேர்தல் முடிந்துவிடுகிறது. நம் நாட்டில் அது இன்னும் கூடுதல்.

இங்கே வேட்புமனுவே கிடையாது. பிரச்சாரமும் கிடையாது. ஒன்பது மலாய் ஆட்சியாளர்கள் கூடுகிறார்கள். பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் ஆளுநர்களுக்கு இதில் வாக்கு இல்லை. சீட்டில் இருப்பது ஒரே ஒரு பெயர், பட்டியலில் முதலில் நிற்பவருடைய பெயர். இவர் பொருத்தமானவரா, இல்லையா? அதற்கு மட்டும்தான் பதில். சீட்டில் எண் கிடையாது. எல்லோருக்கும் ஒரே வகைப் பேனா, ஒரே மை; யார் எப்படி வாக்களித்தார் என்று பிறகு யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து வாக்கு விழுந்தால் அவர் மாமன்னர். விழாவிட்டாலும், அவரே வேண்டாம் என்று சொன்னாலும், அடுத்த பெயருக்குப் புதுச் சீட்டு. முடிவு தெரிந்ததும் சீட்டுகளை அழித்துவிடுகிறார்கள்.

இதை வெறும் சடங்கு என்று சிலர் ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. 1957இல் நடந்ததைப் பாருங்கள். ஆட்சிக்கு வந்த காலப்படி மூத்தவர் அன்றைய ஜொகூர் சுல்தான் இப்ராஹிம்; முதுமையைக் காரணம் காட்டி அவர் மறுத்துவிட்டார். அடுத்தவர் பகாங் சுல்தான் அபு பாக்கார். திரும்பத் திரும்ப வாக்கெடுத்தும் அவருக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. மூன்றாவதாக வந்த நெகிரி செம்பிலான் துவாங்கு அப்துல் ரஹ்மான்தான் முதல் மாமன்னர். நாம் ரிங்கிட் நோட்டில் பார்க்கும் முகம் அவருடையது. ஒன்பது பேருக்குள் நடக்கும் தேர்தலானாலும் 'இல்லை' என்று சொல்ல அங்கே இடம் இருந்தது, சொல்லவும் செய்தார்கள்.

அவர் 1960 ஏப்ரல் 1ஆம் தேதி காலமானார். துணை மாமன்னராக இருந்தவர் நம் சிலாங்கூர் சுல்தான் ஹிசாமுடின் ஆலாம் ஷா. துணையாக இருப்பவர் தானாக மேலே போய்விட முடியாது, மறுபடியும் வாக்கெடுப்பு உண்டு. அதில் தேர்வாகி ஏப்ரல் 14ஆம் தேதி பதவியேற்றார். முடிசூட்டு விழாவுக்கு செப்டம்பர் 1ஆம் தேதியைக் குறித்திருந்தார்கள். அதே நாளில் அவர் இறந்துபோனார். 1999இல் மாமன்னரான அவருடைய மகன் சுல்தான் சலாஹுடினும் 2001 நவம்பரில், தவணை முடியுமுன்பே காலமானார். கோல சிலாங்கூரில் உள்ள புக்கிட் மெலாவத்திக்குச் சுற்றுலா போகும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் குரங்குகளுக்குத் தீனி போட்டுவிட்டு, கலங்கரை விளக்கத்தின் முன் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அதே குன்றில் சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்களின் கல்லறைகள் இருக்கின்றன. கூடப் போகும் ஆசிரியர்கள் அங்கே பத்து நிமிடம் நின்று, இந்த அரச குடும்பத்திலிருந்து இரண்டு பேர் வாக்கெடுப்பில் தேர்வாகி நாட்டுக்கே மாமன்னரானார்கள் என்ற கதையைச் சொல்லுங்கள். அமெரிக்க அதிபர் தேர்தலைக் கைப்பேசியில் பார்த்து ஒப்பிக்கும் பிள்ளைக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்பது மாநிலங்களுக்கும் ஒருமுறை வாய்ப்பு வந்த முதல் சுற்று 1994இல் முடிந்தது. அந்தச் சுற்றில் அமைந்த வரிசைதான் இப்போது பட்டியல். 2023 அக்டோபர் 27ஆம் தேதி தேர்வான இன்றைய ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் 2024 ஜனவரி 31ஆம் தேதி பதவியேற்றார், தவணை ஐந்தாண்டு. அடுத்து பேராக், அதன்பின் நெகிரி செம்பிலான், பிறகு மீண்டும் சிலாங்கூர். ஒவ்வொரு முறையும் அந்த ஐந்து வாக்கு விழுந்தாக வேண்டும்.

(தொடரும்)