பனி உருகும் மலையில் காலுறை பின்னும் பெண்கள்



காலுறை என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது சீருடையோடு சேர்த்து வாங்கும் இரண்டு சோடி வெள்ளைச் சாக்ஸ். மாலையில் வீடு திரும்பும் பிள்ளை வாசற்படியிலேயே சுருட்டி எறியும் அழுக்குப் பந்து. மறுநாள் காலையில் ஒன்று கிடைத்து மற்றொன்று கிடைக்காமல் வீடே அமளிப்படும் காட்சி. இவ்வளவுதானே? கடைத்தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இப்பொருளைக் கையால் பின்னுவோரும் உண்டா, அதற்கென ஒரு கட்டுரையும் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம்.

உண்டு. நம் மார்க்கச் சகோதரிகளான போஸ்னியா நாட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பின்னி வருகிறார்கள். 1992 முதல் 1995 வரை நடந்த போரின்போது நம் பள்ளிவாசல்களில் அந்நாட்டு மக்களுக்காகக் கையேந்தியது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அன்று செய்தித்தாளில் அழுத முகங்களாக மட்டுமே நாம் பார்த்த பெண்களின் வீட்டுக்குள், ஒரு வசந்த காலத்தில், சற்றே நுழைந்து பார்ப்போம்.

சரயேவோ நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், பியெலாஷ்னிட்சா மலையில் லுக்கோமிர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர். நம் ஏற்காட்டின் உயரம்தான். ஆனால் ஏற்காட்டில் பனி விழுந்து பாதை அடைபடுவதில்லை; லுக்கோமிரில் டிசம்பரில் விழும் பனி பாதையை மூடினால், மறுபடி திறக்க ஏப்ரல் ஆகிவிடும். ஆகவே பெரும்பாலான குடும்பங்கள் குளிர்காலத்தில் கீழே இறங்கிவிடும். பனி உருகியதும் ஆடுகளோடும் பிள்ளை குட்டிகளோடும் ஏறி வரும். பூட்டிக் கிடந்த கல் வீடுகள் திறக்கப்படும். கம்பளங்களும் மெத்தைகளும் வெயிலுக்கு வரும். பாலைக் காய்ச்சி ஆடையெடுக்கும் வேலை தொடங்கும். இத்தனைக்கும் நடுவே, வீட்டு வாசலில் வெயில் படும் இடமாகப் பார்த்து அமர்ந்து, வயது முதிர்ந்த பெண்கள் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருப்பார்கள். மலையேறி வரும் பயணிகளுக்கு அவர்கள் விற்கும் பொருள்களுள் முதன்மையானது அதுவே.

போஸ்னிய மொழியில் காலுறைக்குச் ‘சாரப்பா’ என்று பெயர். துருக்கியரின் ‘சொராப்’ என்னும் சொல் அங்கே போய் அப்படி ஆயிற்று. துருக்கியருக்கு அது அரபி மொழியின் ‘ஜவ்ரப்’. அரபியருக்கோ அது பாரசீகத்திலிருந்து வந்த சொல். ஃபிக்ஹு நூல்களில் மஸ்ஹு பற்றிய பாடத்தில் ‘ஜவ்ரப்’ என்னும் சொல்லை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். உளூவோடு அணிந்த காலுறையின் மீது ஈரக் கையால் தடவிக்கொள்ளும் அச்சலுகை, ஊரில் இருப்போருக்கு ஒரு பகலும் இரவும், பயணிகளுக்கு மூன்று. தோலாலான குஃப்புக்கு உரிய சட்டம் தெளிவானது. நூலால் பின்னியதற்கு மத்ஹபுக்கு மத்ஹப் நிபந்தனைகள் வேறுபடும். அதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போஸ்னியப் பெரியவர்களிடம் ‘மெஸ்த்வே’ என்னும் மெல்லிய தோல் காலுறையை அணியும் வழக்கம் உண்டு. பனிக்காலத்தில் ஐவேளைத் தொழுகைக்கும் காலைக் கழுவுவது எத்தகைய சோதனை என்பதை, குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டும் வெயிலில் வாழும் நாம் எளிதில் உணர முடியாது.

இந்தக் கைத்தொழிலின் பழைய சான்றுகளும் முஸ்லிம் நாட்டிலேயே கிடைத்திருக்கின்றன. எகிப்தில் கிடைத்த, நீலமும் வெள்ளையுமான பருத்தி நூலால் பின்னிய காலுறைத் துண்டுகள் இன்று மேல்நாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கி.பி. 1000-க்கும் 1400-க்கும் இடைப்பட்டவை என்று அவற்றைக் கணிக்கிறார்கள். லண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், எகிப்திலேயே கண்டெடுத்த சிவப்புக் கம்பளிக் காலுறை ஒரு சோடி உண்டு. அது இன்னும் பழையது, கி.பி. 250-க்கும் 420-க்கும் இடைப்பட்டது. வாருள்ள செருப்புக்குப் பொருந்தும்படி பெருவிரலுக்குத் தனி அறை வைத்தது. ஆனால் அது ஒற்றை ஊசியால் முடிச்சிட்டுச் செய்யும் வேறு முறை. இன்று நாம் காணும் பின்னல் அன்று. ஐரோப்பாவில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பின்னல் வேலைகளுள் ஒன்று, 1275-இல் இறந்த ஸ்பெயின் நாட்டு இளவரசர் ஒருவரின் கல்லறையில் கிடைத்த பட்டுத் தலையணை உறை. கிறிஸ்தவ அரச குடும்பத்தவரின் கல்லறைதான். ஆனால் உறையின் மீது ‘பரக்கத்’ என்னும் சொல் அரபியில், கூஃபி எழுத்தில் பின்னப்பட்டிருக்கிறது. பின்னியவர்கள் முஸ்லிம் கைவினைஞர்கள் என்று அறிஞர்கள் கொள்வது அதனால்தான்.

சரி, காலுறை எப்படி உருவாகிறது? இதைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

போஸ்னியப் பெண்கள் ஐந்து ஊசிகளால் பின்னுவார்கள். இருபுறமும் கூர்மையான சிறு ஊசிகள். நான்கு ஊசிகள் சதுரம்போல் நின்று கண்ணிகளைத் தாங்க, ஐந்தாவது ஊசி வேலை செய்து சுற்றி வரும். மெல்லிய நூலாக இருந்தால் ஒரு பெண்ணின் காலுக்கு 64 கண்ணிகள் போதும்; ஊசிக்குப் பதினாறு. முதலில் இரண்டு நேர், இரண்டு எதிர் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்கும் வாய்ப்பகுதி வரும். பிறகு கணைக்கால் வரை நேராகப் போகலாம். இதுவரை ஒரு குழாய்தான். யாருடைய காலுக்கும் பொருந்தும்.

குதிகாலில்தான் கலை தொடங்குகிறது. பாதிக் கண்ணிகளை, அதாவது முப்பத்திரண்டை மட்டும் தனியே பிரித்து, சுற்றாமல் இப்புறமும் அப்புறமுமாக முப்பத்திரண்டு வரிசை பின்ன வேண்டும். ஒரு சிறு மடல் கிடைக்கும். அதன் நடுவிலிருந்து வரிசையை முழுமையாக முடிக்காமல் பாதியில் திருப்பித் திருப்பிப் பின்னினால், தட்டையாக இருந்த துணி தானே குழிந்து கிண்ணம்போல் ஆகும். எத்தனை முறை செய்தாலும் இந்த இடம் வியப்பளிக்கும் என்பார்கள் பின்னுவோர். மடலின் இரு விளிம்பிலும் பதினாறு பதினாறு கண்ணிகளை எடுத்துச் சேர்த்து மீண்டும் சுற்றத் தொடங்கினால் பாதம். விரல் நுனியில் குறைத்துக்கொண்டே போய் மூடினால் முடிந்தது. முடிந்தது ஒன்றுதான், இன்னொன்று பாக்கி! முதலாவதைப் பின்னும்போது இருந்த ஆவல் இரண்டாவதில் இருப்பதில்லை. உலகெங்கும் பின்னும் பெண்களின் பெட்டிகளில் ஒற்றைக் காலுறைகள் உறங்குகின்றன.

பூவேலைப் பின்னலுக்குக் கட்டம் போட்ட வரைபடத்தைப் பார்த்துப் பின்னுவது உண்டு. அதை எப்பக்கமிருந்து படிக்க வேண்டும் தெரியுமா? வலமிருந்து இடமாக! காலுறையைச் சுற்றிச் சுற்றிப் பின்னுவதால் ஒவ்வொரு வரியும் வலத்திலேயே தொடங்கும். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்கள் இதில் தடுமாறுவார்கள். ஓதற்பள்ளியில் அலிஃப் பே ஓதிய நமக்கும், அரபுத் தமிழில் மாலையும் கிஸ்ஸாவும் படித்த நம் பாட்டிமார்களுக்கும் அது பழகிய பாதைதான்.

போஸ்னிய முஸ்லிம் வீடுகளில், நம் வீடுகளைப் போலவே, வாசலில் பாதணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். ஆகவே விருந்தாளியின் காலில் இருக்கும் காலுறை எல்லோர் கண்ணிலும் படும். மாலை வேளையில் ஒரு வீட்டில் கூடிப் பேசியிருப்பதைச் ‘சியெலோ’ என்கிறார்கள். பெண்கள் கைவேலையோடு வருவார்கள். காப்பி வரும். அதிலும் ஒரு முறைமை உண்டு: வந்தவுடன் தரும் காப்பிக்கு வரவேற்புக் காப்பி என்று பெயர், பிறகு பேச்சுக் காப்பி, இறுதியில் வருவது, ‘நேரமாயிற்று, புறப்படலாம்’ என்று நாகரிகமாகச் சொல்லும் காப்பி! எழுந்து போகச் சொல்ல வாய் வராத நம் வீட்டுப் பெண்களும் இந்த மூன்றாவது கோப்பையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். அக்கோப்பைக்கு அங்கே ‘ஃபில்ஜான்’ என்று பெயர்; அரபியின் ஃபிஞ்சான்தான் அது. நண்பருக்கு ‘அஹ்பாப்’. பழமரங்கள் பூத்துக் குலுங்குவதற்குப் ‘பெஹார்’, நாமறிந்த பஹார்! 1900-ஆம் ஆண்டு சரயேவோவில் முஸ்லிம் குடும்பங்களுக்கென்றே தொடங்கிய இதழுக்கும் அவர்கள் சூட்டிய பெயர் ‘பெஹார்’ என்பதே.

வசந்தம் வந்தால் வீட்டுக்குள் இருக்க அவர்களுக்கு மனம் வராது. ஸெனிட்சா என்னும் ஊரில் மார்ச் 21 அன்று விடியற்காலையிலேயே மக்கள் ஆற்றங்கரையில் கூடி, பெரிய சட்டிகளில் முட்டையை உடைத்துக் கிளறி எல்லோருக்கும் பகிர்ந்து உண்பது வழக்கம். கைவேலையும் அப்படியே வெளியே வந்துவிடும். ஸ்வெட்டர் பின்னினால் மடி நிறையக் கம்பளி கிடந்து புழுங்கும். காலுறைக்கோ ஒரு சிறு நூற்பந்தும் ஐந்து ஊசியும் போதும், பைக்குள் அடங்கும், பூத்த மரத்தடியில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுத் தோழியோடு பேசிக்கொண்டே பின்னலாம். கண் ஊசியில் இருப்பதால், முகம் பார்த்துச் சொல்ல முடியாத செய்திகளையும் பெண்கள் அப்போது சொல்லிவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படிச் சொல்லித் தீர்க்க வேண்டிய துயரம் அவர்களுக்கு வந்தது. 1993-இல் துஸ்லா நகரம் அகதிகளால் நிரம்பியிருந்தது. வீடிழந்து, கணவர் எங்கே என்று தெரியாமல், பொதுக் கூடங்களில் பாய் விரித்துக் கிடந்த பெண்களுக்கு ஆக்ஸ்ஃபாம் என்னும் தொண்டு நிறுவனத்தின் உதவியோடு கம்பளி நூலும் ஊசியும் கொடுத்துக் கூடி அமரச் செய்தார்கள். பசிக்கு நூலா உணவு என்று அன்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் வெறுங்கையோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர்ந்து பின்னத் தொடங்கினார்கள். அம்முயற்சியிலிருந்து ‘போஸ்ஃபாம்’ என்னும் பெண்கள் அமைப்பு தோன்றியது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்ட பின்னர், கணவரையும் மக்களையும் இழந்து துஸ்லாவுக்கு வந்து சேர்ந்த பெண்களும் அந்த வட்டத்தில் வந்து அமர்ந்தார்கள்.

பின்பு புதைகுழிகள் தோண்டப்பட்டன. உடல்களை அடையாளம் காண வழியில்லை. மரபணுச் சோதனை 2001-இன் இறுதியில்தான் அங்கே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு செஞ்சிலுவைச் சங்கத்தார், கிடைத்த ஆடைகளையும் உடைமைகளையும் படம் எடுத்து நூலாக்கி, குடும்பத்தாரிடம் காட்டினார்கள். தாய்மார்கள் பக்கம் பக்கமாகப் புரட்டினார்கள். கடையில் வாங்கிய சட்டை ஆயிரம் பேருக்கு இருக்கும். தான் போட்ட ஒட்டுத் தையலையும் தான் பின்னிய கம்பளியையும் ஒரு பெண் எங்கு கண்டாலும் அறிவாள். 2003 மார்ச் 31 அன்று, பொட்டோச்சாரி என்னுமிடத்தில் முதல் அறுநூறு பேர் ஜனாஸாத் தொழுகையோடு நல்லடக்கம் செய்யப்பட்டனர். அதுவும் ஒரு வசந்த காலம்.

லுக்கோமிரில் இன்று குடும்பங்கள் குறைந்துவிட்டன. இளையவர்கள் சரயேவோவுக்குப் போய்விட்டார்கள். அந்நாட்டு இளைஞர் பலர் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போகிறார்கள். நம் ஊர்களில் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போவதைப் போலத்தான். பின்னும் கைகள் முதிர்ந்த கைகளாகவே இருக்கின்றன.

இயந்திரம் வந்த பிறகு கைப்பின்னல் எதற்கு என்று கேட்போருக்கு ஒரு செய்தி. பின்னல் இயந்திரமே காலுறைக்காகத்தான் பிறந்தது. 1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் அமைத்தது காலுறை பின்னும் பொறி. திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் பலகையில் காணும் ‘ஹோசியரி’ என்னும் சொல்லும் காலுறையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்ததே. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இயந்திரம் பின்னுகிறது; பெண்களும் விடவில்லை. இயந்திரம் அளவு எண்ணுக்குப் பின்னுகிறது. அவர்கள் ஆளுக்குப் பின்னுகிறார்கள்.

உங்களில் யாருக்கேனும் ஆவல் பிறந்தால், நம் வெயிலுக்குப் பருத்தி நூலிலேயே கைப்பழக்கம் செய்யுங்கள். வெளிநாட்டில் குளிரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ என்றால் கம்பளியோடு நாலில் ஒரு பங்கு நைலான் கலந்த நூல் நல்லது. குதிகால் விரைவில் தேயாது. நூறு கிராம் ஒரு சோடிக்குப் போதும். பாதத்தின் சுற்றளவைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகப் பின்னுங்கள், நழுவாமல் நிற்கும். தொடங்குமுன், அவரைத் தரையில் ஒரு வெள்ளைத்தாள் விரித்து, அதன்மேல் எழுந்து நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிழுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு பாதங்களையும் வரையட்டும். பெரும்பாலோருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கும்.