மகன் கண்ட சொர்க்கமும் போதகரின் தயக்கமும்: ‘ஹெவன் இஸ் ஃபார் ரியல்’ சொல்வது என்ன?

ராண்டல் வாலஸ் இயக்கத்தில் 2014-ஆம் ஆண்டு வெளியான ஹாலிவுட் திரைப்படம் ‘ஹெவன் இஸ் ஃபார் ரியல்’. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாணத்தைச் சேர்ந்த போதகர் டாட் பர்போ, லின் வின்சென்ட்டுடன் இணைந்து 2010-இல் எழுதிய நூலைத் தழுவி இப்படம் உருவானது. போதகராக கிரெக் கின்னியர் நடித்துள்ளார்.

குடல்வால் வெடித்து உயிருக்குப் போராடிய போதகரின் மகன், அறுவை சிகிச்சையின்போது சொர்க்கத்தைக் கண்டதாகக் கூறுகிறான். பெற்றோர் அவனிடம் சொல்லாதிருந்த, கருவிலேயே இழந்த சகோதரியை அங்கே சந்தித்ததாகவும் தெரிவிக்கிறான்.

எனினும், சிகிச்சையின்போது சிறுவனின் இதயத் துடிப்பு நின்றதில்லை. இதைப் படம் மறைக்கவில்லை. சொர்க்கம் குறித்துப் பிரசங்கிக்கும் தந்தையே மகனின் சொல்லை நம்பத் தயங்குகிறார். உளவியல் நிபுணரை நாடுகிறார். தேவாலய நிர்வாகிகளோ சங்கடப்படுகின்றனர்.

சுமார் 1.2 கோடி டாலர் செலவில் தயாரான இப்படம், உலக அளவில் 10 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. சொர்க்கம் உண்டா என்பதற்கு அறிவியல் சான்று எதையும் இப்படம் தரவில்லை. போதிக்கும் நம்பிக்கை சொந்த வீட்டுக்குள் வந்து நிற்கும்போது அதை ஏற்பது எவ்வளவு கடினம் என்பதையே காட்டுகிறது.